மலாக்காவில் வாசிக்கப்போகும் பெயர்

மகன்,

நீ அனுப்பிய மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. "அப்பா, கல்யாணத்துக்கு வருவீங்களா? நிக்காஹ்ல என்ன பேர் வாசிக்கச் சொல்லட்டும்? நீங்க சொல்லுறதுதான் ஃபைனல்" என்று கேட்டிருந்தாய். பதில் தெரியாமல் பேசாமல் இருக்கவில்லை. போனில் கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் இல்லை இது. அதனால்தான் பேனையை எடுத்திருக்கிறேன். ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இரு, நீளமாக எழுதப்போகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழ அழ உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனது வீண்போகவில்லை என்றால் நீயே வாசிப்பாய். போட்டோ பிடித்து அந்த மொழிபெயர்க்கிற ஆப்பில் மட்டும் போடாதே. அது என் கோபத்தையெல்லாம் கும்பிடு போடுகிற மாதிரி மாற்றிவிடும். எனக்கு என் கோபமும் உன்னிடம் முழுசாக வந்து சேர வேண்டும்.

முதலில் அந்தப் பகிடியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்க நேரம் கிடைக்காது. அன்றைக்கு நீ அப்போது தங்கியிருந்த நார்த்மீட்டில் இருந்து போன் எடுத்தபோது அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில். "அம்மா, அப்பா, நான் சித்தியைக் கல்யாணம் செய்யப் போறன்" என்றாய். கத்தி அந்தரத்தில் நின்றது. சித்தி என்றால் எங்களுக்கு ஒரே ஒரு சித்திதான், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற உன் அம்மாவின் தங்கை. அவளுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள், பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரிப் புருசன். "எந்தச் சித்தியடா? விசர்க் கதை கதையாதை!" என்று அம்மா கத்த, நீ அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எங்கட சித்தி இல்லை அம்மா! அவவின்ர பேரே சித்தி. எஸ், ஐ, ரி, ஐ!" என்றாய். அம்மா சிரித்த சிரிப்பில் வெங்காயம் நிலத்தில் கொட்டுப்பட்டது. சிரித்து முடித்த பிறகுதான் "அப்ப அந்தப் பிள்ளை ஆர் ஆக்கள்?" என்று கேட்டாள். "மலாய் ஆக்கள். மலாக்கா. இஞ்சை நேர்சிங் படிச்சவ. அங்கதான் திரும்பிப் போறா, நானும் அங்க வேலை எடுத்திட்டன். பேந்து... நான் முஸ்லிமா மாற வேணும் அம்மா, அந்த நாட்டுச் சட்டம் அப்பிடி." சிரித்த வாயை மூட முதலே அவள் அழத் தொடங்கிவிட்டாள். நான் அழவில்லை. நிலத்தில் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கினேன்.

சமயம் மாறுவது எனக்கு நோகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நொந்தது. ஆனால் முருகன் என்னோடு கோவித்துக்கொண்டு போய்விடுவார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் பெண்வீட்டை எதிர்த்துக் கல்யாணம் கட்டியவர்தான். என்னை வாட்டிய விசயம் வேறு. அது பெயர். நம்முடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர்தான் பிள்ளையின் வாலில் நிற்கும். இந்த நாட்டுக்கு வந்தபோது குடிவரவு அதிகாரி சேர்நேம் கேட்க, நான் என் பெயரையே உனக்கு எழுதிக் கொடுத்தேன். கையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை. வீடு இல்லை, காணி இல்லை, படித்த பத்திரம் எரிந்துபோயிற்று. உன் பட்டமளிப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மேடையில் நின்று என் பெயரைக் கடித்துக் குதறி வாசித்தாள். மண்டபமே கேட்டது. எனக்கு அது தேவாரம் மாதிரி இருந்தது. மெல்பேர்னில், ட்ருகனினா வேர்ஹவுஸில் காலை தொடங்கி மாலைவரை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுடைய பெயரை இவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்களே என்று அம்மாவின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். அவள் இன்றைக்கும் அந்த விரலைக் காட்டிக் குறை சொல்லுவாள்.

சரி, மலாக்காவுக்கு வருகிறேன். பெண் பார்க்க என்று நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். உனக்கும் தெரியும். ஊரைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல். பூச்சோடனை செய்த ரிக்‌ஷாக்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்தப் பிள்ளை, நான் அவளைச் சித்தி என்று எழுதப்போவதில்லை, வாய் வரவில்லை, எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், "இதுதான் அங்கிள் அந்தத் துறைமுகம்" என்றாள். நான் பார்த்தேன். மெல்பேர்னில் நாங்கள் மழைத்தண்ணீர் போக வெட்டிவிட்டிருக்கிற வாய்க்கால் இதைவிடப் பெரிசு. இந்தக் கரையில் நிற்கிறவன் அந்தக் கரையில் நிற்கிறவனிடம் நெருப்புப்பெட்டி எறிந்து கொடுக்கலாம். "இவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்துக்கொண்டு, "இவ்வளவுதான். உலகம் முழுக்க இதுக்குள்ளதான் வந்தது" என்றாள்.

பிறகு பக்கத்தில் இருந்த குன்றில் ஏறி நிழலில் இருந்து அவள் கதை சொன்னாள். நீ மொழிபெயர்த்தாய். உன் தமிழ் இடைக்கிடை தடக்கி விழுந்தாலும் எனக்கு விளங்கியது. ஊரைவிட்டு ஓடி வந்த ஒரு இளவரசன். நேராகச் சொன்னால் அகதி. இருக்க இடம் தேடி அலைந்தவன் இந்த ஆற்றுவாயில் ஒரு மரத்தின்கீழ் களைத்துப்போய் இருந்தானாம். மரத்தின் பெயர் என்ன என்று கேட்க, மலாக்கா என்றார்களாம். அதையே ஊருக்கு வைத்துவிட்டான். அது என்ன மரம் என்று நான் கேட்டேன், நீ போனில் தேடிப் பார்த்து, "நெல்லிக்காய் மரம் அப்பா" என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது, மகன். அரசர்கள் ஊருக்குச் சூரியன் பெயர், சிங்கத்தின் பெயர் வைப்பார்கள். இவன் களைப்பாற நிழல் தந்த நெல்லி மரத்தின் பெயரை வைத்திருக்கிறான். அகதியாக இருந்தவனுக்குத்தான் அந்த நன்றி வரும். எனக்குத் தெரியும்.

அந்த ஊரில் ஒன்றும் விளையவில்லையாம். சாப்பிடுகிற அரிசிகூடக் கப்பலில் வரவேண்டும். அவர்களிடம் இருந்தது இடம் மட்டும்தான், இரண்டு காற்றும் வந்து முட்டுகிற இடம். சோளகத்தில், அந்தத் தென்மேற்குக் காற்றில், நம்முடைய கரையில் இருந்தும் குஜராத்தில் இருந்தும் அரபு நாட்டில் இருந்தும் கப்பல் வரும். வாடைக்குச் சீனத்துக் கப்பல் வரும். ஒருவனைக் கொண்டுவருகிற காற்று மற்றவனைக் கொண்டுவராது. ஆகவே வந்தவன் காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில். காத்திருக்கிறவனுக்குப் படுக்க இடம் வேண்டும், சரக்கை வைக்க இடம் வேண்டும், ஏமாற்றாத தராசு வேண்டும், தன் பாசையில் கதைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த இளவரசனுக்குப் பிறகு வந்த சுல்தான்கள் அதைத்தான் கொடுத்தார்கள். நாலு திசை வியாபாரிகளுக்கு நாலு துறைமுக அதிகாரிகள். எந்த மொழிக்காரன் வந்தாலும் அவனுக்கென்று ஒருவர் கரையில் நிற்பார். எண்பதுக்கு மேல் மொழி அங்கே கேட்டதாம். நினைத்துப் பார். நெருப்புப்பெட்டி எறிகிற அகலத்து ஆறு, எண்பது மொழி! இந்த மெல்பேர்னில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரவே ஆஸ்பத்திரியில் அரை நாள் எடுத்தார்கள். அந்தக் குன்றில் இருந்து கடலைப் பார்த்தபோது என் எரிச்சல் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறேன். அம்மா தோளில் தட்டி, "வாயை மூடுங்கோ, பூச்சி போகப்போகுது" என்றாள்.

இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கோழிகள் மாதிரி அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள் ஓடினோம். நீயும் அந்தப் பிள்ளையும் காரை எடுக்கப் போய்விட்டீர்கள், எங்களுக்கு நடுவில் ஒரு பாசையும் இல்லை. நானும் அவளுடைய அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நிற்கிறோம். அவளுடைய அம்மா உள்ளே ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்து உன் அம்மாவின் கையில் வைத்து "துவாலா, துவாலா" என்றார். அம்மா தலையைத் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "துவாயோ?" என்றாள். "துவாலா!" என்றார் அவர். அம்மா மேசையைத் தொட்டு "மேசை" என்றாள். "மேஜா!" ஆட்கள் இருக்கிற நீட்டு வாங்கைக் காட்டி "வாங்கு." "பங்கு!" அலுமாரிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், அவருக்கும் அது அல்மாரிதான். பிறகு பார்க்க வேண்டுமே கூத்தை. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ச் சாமான்களைத் தொட்டுத் தொட்டுக் கத்திச் சிரித்தார்கள். நீங்கள் திரும்பி வந்தபோது அவர்கள் யன்னலடியில் நின்று "ஜெண்டேலா, யன்னல், ஜெண்டேலா" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து நீ பயந்துபோனாய்.

அதை நான் பிறகு யோசித்தேன். இதெல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். அவர்கள் பீரங்கியோடு வந்து மலாக்காவைப் பிடித்தார்கள். ஏறக்குறைய நூறு வருசம் கழித்து யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். இரண்டு ஊரின் அரசும் போயிற்று. சுல்தானுடைய மலாக்காவில் இன்றைக்கு ஒரு கல்லும் மிச்சமில்லை. பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் உடைத்த கல்லில்தான் கோட்டை கட்டினார்களாம், இப்போது அந்தக் கோட்டையும் ஒரு வாசல்தான். ஆனால் அடித்துப் பிடித்து வந்தவன் விட்டுவிட்டுப் போன வாங்கும் மேசையும் அலுமாரியும் இரண்டு வீட்டு வாயிலும் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு இரண்டு சம்பந்திப் பெண்கள் சிநேகமாகிவிட்டார்கள். இதை எந்தத் தளபதி நினைத்திருப்பான்?

அன்று பின்னேரம் இன்னொன்றும் நடந்தது. அவளுடைய அப்பா என் தொழிலைக் கேட்டார். நீ வேர்ஹவுஸ் என்றாய், அவர் "ஓ, குடாங்" என்றார். எனக்குக் கிடங்கு என்று கேட்டது. நமக்குக் கிடங்கு என்றால் நிலத்தில் வெட்டுகிற குழிதானே. "என்னடா, நான் குழிக்குள்ள வேலை செய்யிறன் எண்டோ சொன்னனீ?" என்று உன்மேல் பாய்ந்தேன். அவருக்கு நீ அதை விளக்க, அவர் கையைத் தட்டிச் சிரித்துவிட்டுச் சொன்னார். பழைய மலாக்காவில் குடாங் என்பதும் நிலத்துக்குக் கீழேதானாம். ஊர் முழுக்க ஓலையும் பலகையும், அடிக்கடி நெருப்புப் பிடிக்கும். ஆகவே வியாபாரிகள் நம்முடைய கரையில் இருந்து வந்த துணிகளை நிலவறையில் இறக்கி வைப்பார்களாம். இந்தியாக்காரன் கிடங்கு என்றால் சரக்கு வைக்கிற இடம் என்பான், நாங்கள் குழி என்போம், யார் சரி என்று வேலைத்தலத்தில் எத்தனை நாள் வாக்குவாதப்பட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்த ஊரில் வந்து நிற்கிறேன். உனக்கு ஞாபகம் இராது, நீ கைக்குழந்தை. ஷெல் அடி தொடங்கினால் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய கிடங்குக்குள் உன்னைத்தான் முதலில் இறக்குவோம். பிறகுதான் அம்மா, பிறகுதான் நான். நெருப்பில் போகக்கூடாதது எதுவோ அதைத்தான் மனிதர் கிடங்கில் வைக்கிறார்கள், அன்றைக்கும் இன்றைக்கும்.

அப்படிக் குளிர்ந்திருந்த மனத்தைத்தான் நீ அடுத்த நாள் தேத்தண்ணி மேசையில் போட்டு உடைத்தாய். நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் பெயரை "இன்னார் பின் இன்னார்" என்று தகப்பன் பெயரோடு சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? நம்முடைய வழக்கம் மாதிரியே இருக்கிறதே என்று. அவர்களுக்குப் "பின்" என்றால் மகன், நமக்குப் பின்னால் என்று பொருள், உன் பெயருக்குப் பின்னால் நான் நிற்பேன் என்று மனத்துக்குள் பகிடியும் விட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய், மதம் மாறுகிறவர்கள் பலர் தகப்பன் பெயருக்குப் பதில் அப்துல்லா என்று வைப்பார்களாம், கட்டாயமில்லையாம், ஆனாலும் அங்கே வேலைக்கும் பிறக்கிற பிள்ளைகளுக்கும் அது சுகமாம். "உங்கட பேரை அங்க ஒருத்தரும் ஒழுங்காச் சொல்ல மாட்டினம் அப்பா. சும்மா ஒரு சேர்நேம் தானே." சும்மா ஒரு சேர்நேம்! நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். "என்ர பேர் வேண்டாமெண்டா நானும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்கு நடந்தேன். அந்த வீட்டுக்காரர் அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் விமானத்தில் அம்மா என்னோடு கதைத்தது ஒரே ஒரு வசனம். "தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டாவது எழும்பியிருக்கலாம்." அவள் சொன்னது சரி. உனக்கும் சொல்லி வைக்கிறேன், கோபம் வந்தால் கையில் இருப்பதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கோபப்படு. சமைத்தவர் உன்னை ஒன்றும் செய்யவில்லை.

மெல்பேர்னுக்கு வந்த பிறகும் அந்த ஊர் என்னை விடவில்லை. நூல்நிலையத்தில் தேடி எடுத்து, விளங்காததை அகராதியில் பார்த்துப் பார்த்து அந்தச் சுல்தான்களின் கதையை வாசித்தேன். அவ்வளவு பெரிய அரசு எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியுமா? பீரங்கியால் என்பார்கள். நான் வாசித்ததில் அது ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறது. கடைசிச் சுல்தானின் பிரதம மந்திரியின் பரம்பரையில் நம்முடைய கரையில் இருந்து போன தமிழ் முஸ்லிம் இரத்தம் இருந்ததாம். பெரிய பணக்காரர், பெரிய மிடுக்கு. அவருக்கு வடிவான ஒரு மகள். சுல்தானுக்குக் காட்டாமல் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த சுல்தான் பெண்ணைப் பார்த்தான், தனக்குச் சொல்லவில்லையே என்று மனம் கறுத்தான், வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைத் தொடவில்லை. இதை வாசித்தபோது என் காது சூடாகியது. பிறகு ஒருவன் வந்து, மந்திரி உங்கள் சிம்மாசனத்தில் கண் வைத்திருக்கிறார் என்று மூட்டிவிட்டான். விசாரிக்கவில்லை. மந்திரியையும் அவர் ஆட்களையும் கொன்றான். எண்பது மொழிக்காரரை அரவணைத்த ஊருக்குத் தன் வீட்டுக்காரனை நம்ப முடியவில்லை. அடுத்து வந்த கப்பல்களில் பீரங்கி இருந்தது. வியாபாரிகளில் சிலர், நம்மவரும்தான், வந்தவனோடு சேர்ந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் யானைகளோடு சண்டை பிடித்தும் ஊர் போயிற்று. சுல்தான் காடும் கடலுமாக ஓடினான். ஓடிய இடத்தில் தன் மகனையே கொல்லச் செய்தான் என்று மலாய்க் கதைகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தோடு நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மூட்டிவிடுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். கோயில் கார்த் தரிப்பிடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்து, "அண்ணை, பொடியனை மடக்கிப்போட்டாங்களாமே, ஒஸ்ரேலியா பாஸ்போட்டுக்குத்தானாம்" என்றார். அவருடைய பெயர் உனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளை இந்த நாட்டையே விட்டு உன்னைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், இதில் எந்தப் பாஸ்போட்? அது தெரிந்திருந்தும் நான் அந்தக் கதையைக் காருக்குள் ஏற்றி வீடுவரை கொண்டுவந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், அது செத்துப்போயிற்று. உனக்கு அரசு ஒன்றும் இல்லை, ஆனால் உன் வீட்டுக்கும் இப்படிக் கதை கொண்டு ஆட்கள் வருவார்கள், இரண்டு பக்கத்தில் இருந்தும். வாசலிலேயே அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு அவள் முன்னால் சொல்லச் சொல். பாதிப் பேர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னும் ஒன்று வாசித்தேன், அதுதான் என்னை உலுக்கியது. ஊரைத் தொடங்கிய அந்த அகதி இளவரசனின் பட்டம் சிவபெருமானுடைய பெயர். சொன்னால் நம்முடைய கோயில் குருக்கள் விபூதி எடுத்துத் தருவார். பிறகு அதே சிம்மாசனத்தில் முஸ்லிம் பெயரோடு ஒரு அரசன் இருக்கிறான். சுமத்திராக் கரையில் இருந்த இன்னொரு துறைமுகத்து முஸ்லிம் இளவரசியைக் கட்டினதால் மாறினான் என்று சொல்கிறார்கள். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளா? அல்லது முதலாவது தகப்பன், மற்றது மகனா? படித்தவர்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள், ஒருவருக்கும் முடிவாகத் தெரியாது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தேன். அறுநூறு வருசத் தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குப் பெயர் மாறிய ஒருவனையும், ஒரு தகப்பனையும் மகனையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை! நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று கோடு கீறிக்கொண்டு நிற்கிறேனே. எவ்வளவு சின்ன ஆள் நான் என்று நினைத்தேன். அது நோகவில்லை. கடலுக்கு முன்னால் நிற்கும்போது நாம் சின்னதாகிவிடுவோமே, அது மாதிரி.

இவ்வளவு விளங்கியும் உனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவுக்கு விளங்கியது நெஞ்சுக்கு விளங்க வேண்டாமா? அந்த மண்டபத்தில் வேறு ஒருவரின் பெயரை வாசிக்க, நான் யாரோ வெளியூர்க்காரன் மாதிரி மூலையில் இருந்து பிரியாணி தின்றுவிட்டு வருவதா என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

போன சனிக்கிழமை மத்தியானம் பின்வளவில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்தப் பிள்ளை. உனக்குத் தெரியாமல்தான் எடுத்தாளாம், அதற்கு அவளை ஏசாதே. மெசின் இரைச்சலில் முதல் சொல்லை நான் பிழையாகக் கேட்டேன் என்று நினைத்து மெசினை நிற்பாட்டினேன். திரும்பவும் சொன்னாள். "அயா." பிறகு, சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்டாள். மலாக்காவில் அவளுடைய அம்மா எங்களைக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி எனக்குப் பாடம். "பிள்ளை, இப்ப என்னை என்னெண்டு கூப்பிட்டனீர்?" என்று என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அயா என்றால் அப்பா, கல்யாணம் ஆகப்போகிறது, இனியும் அங்கிள் என்று கூப்பிட வாய் கூசுகிறது, பிழையா என்று கேட்டாள்.

நாங்கள் எங்களுடைய தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிட்டோம், மகன். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். உனக்கு அது தெரிய வழியில்லை. நீ வாய் திறந்த காலத்தில் அப்பா என்று பழக்கினோம், இங்கே வந்து கொஞ்சக் காலம் டாட் என்றாய். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் மனிதனுக்குத் தான் தகப்பனைக் கூப்பிட்ட சொல்லால் தன்னை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்க ஒரு ஆசை உள்ளே கிடக்கும்போல. அப்படி ஒரு ஆசை எனக்கு இருந்தது அந்தப் புல்லுக்குள் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளுடைய அயாவில் ஒரு "ய்" குறைவு, அவ்வளவுதான். அவர்களிடம் இருந்து நாங்கள் எடுத்தோமா, எங்களிடம் இருந்து அவர்கள் எடுத்தார்களா, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லையா, எனக்குத் தெரியாது. நான் தேடிப் பார்க்கவும் இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. "பிழை இல்லை பிள்ளை. ஓம், சாப்பிட்டன்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில். உனக்கும் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் அங்கே எது சுகமோ அந்தப் பெயரைப் போடு. அப்துல்லா என்றால் கடவுளின் அடியான் என்று அவள் சொன்னாள், அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. என் பெயரைப் போட விருப்பம் என்றால் போடு, வாசிக்கிறவருக்கு முதல்நாளே சொல்லிக் கொடு, கடித்துக் குதறாமல் வாசிக்கட்டும். எதை வாசித்தாலும் நான் முன்வரிசையில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். அவளுடைய அப்பா அம்மாவிடம் நான் அன்றைக்குப் பாதியில் எழும்பியதற்கு நானே மன்னிப்புக் கேட்பேன், நீ கேட்கத் தேவையில்லை. வாசித்து முடிந்து, கையெழுத்தெல்லாம் வைத்து முடிந்து, அந்தச் சனத்துக்குள் அவள் "அயா" என்று ஒருமுறை கூப்பிட்டால் அங்கே நிற்கிற ஆண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லோரும் யாரோ ஒருவருக்குத் தகப்பன்மார்தானே. நானும் திரும்பிப் பார்ப்பேன்.

ஓம், வாறன்.

அப்பா